புகை கல்லாகிறது!
கரியமில வாயுவைப் பாறைக்குள் பூட்டும் முயற்சி: நம்பலாமா?

பொங்கல் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது நம் வழக்கம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, மட்டையால் சுவரில் பூசுகிறோம். பூசும்போது கஞ்சியைப் போல் இருந்த சுண்ணாம்பு சில நாட்களில் சுவரோடு சுவராக இறுகிவிடுகிறது. வெயிலில் காய்ந்து இறுகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். மற்றப் பாதி ரசாயனம். காற்றிலே கலந்திருக்கும் கரியமில வாயுவைச் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறிவிடுகிறது. காளவாயில் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டபோது எந்த வாயு அதைவிட்டு ஓடிப்போயிற்றோ, அந்த வாயுவையே காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டு அது பழைய உருவை அடைகிறது.

நம் வீட்டுச் சுவரில் சத்தமில்லாமல் நடக்கும் இந்தக் காரியத்தைப் பூமிக்கு அடியில், லட்சக்கணக்கான டன் அளவில் நடத்த முடியுமா? உலக விஞ்ஞானிகள் பலர் இன்று இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதை அவர்களுடைய சொந்த விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் எல்லா நாடுகளின் வருங்காலமும் இதில் ஓரளவு அடங்கியிருக்கிறது.

நிலக்கரி, பெட்ரோல், இயற்கை வாயு ஆகியவற்றை எரிப்பதால் உலகம் வருஷத்துக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது. ஹவாய்த் தீவில் உள்ள மவுனா லோவா மலைச் சரிவில் 1958ல் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. இந்த வாயு பூமிக்குப் போர்வை போன்றது. போர்வை கனத்தால் உஷ்ணம் ஏறும். ஆகவே, புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடித்து மண்ணுக்குள் புதைத்துவிட்டால் என்ன என்ற யோசனை பிறந்தது.

யோசனை நல்லதுதான். ஆனால், புதைத்தது புதைத்த இடத்திலேயே கிடக்குமா?

பூமிக்குள் ஒரு கிடங்கு

இந்த வேலையை முதலில் பெரிய அளவில் தொடங்கிய நாடு நார்வே. 1991ல் அந்நாட்டு சர்க்கார் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. அதன் விளைவாக, வட கடலில் ஸ்லைப்னர் என்ற இடத்தில், 1996 முதல் வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் டன் வாயுவைக் கடலடித் தரைக்குக் கீழே செலுத்தி வந்தார்கள். அங்கே சுமார் 800 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை ஆழத்தில் உப்பு நீர் ஊறிய மணற்பாறை அடுக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே, பானைக்கு மூடி போட்டது போல, வாயு புகாத களிப்பாறை அமைந்திருக்கிறது.

அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் அதிகம். அதில் கரியமில வாயு நெருங்கி, கிட்டத்தட்ட ஒரு திரவத்தைப் போல் அடர்த்தியாகிவிடும். ஆயினும் அது சுற்றியுள்ள உப்பு நீரைவிட லேசானது. தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல மேலே ஏறி, களிப்பாறை மூடியின் அடியில் போய்த் தங்கும். மூடி உறுதியாக இருக்கும்வரை கவலையில்லை. இத்தனை வருஷமாக ஸ்லைப்னரில் மூடி நன்றாகவே இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மணல் என்பது பெரும்பாலும் படிகக் கல்லின் பொடி. அது கரியமில வாயுவோடு எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை. ஆகையால், புதைத்த வாயுவில் ஒரு பகுதி மெல்ல மெல்ல நீரில் கரையும். மிகச் சிறு பகுதி பல நூறு, பல ஆயிரம் வருஷங்களில் கல்லாகும். அதுவரை அது வாயுவாகவே காத்திருக்கும். வாயு காத்திருக்கிறது என்றால் யாராவது காவலும் இருக்க வேண்டும் அல்லவா? ஒரு கம்பெனியின் ஆயுள் எத்தனை வருஷம்? ஒரு சர்க்காரின் ஆயுள்தான் எத்தனை?

மக்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 1986 ஆகஸ்டு 21 இரவு, ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டிலுள்ள நியோஸ் ஏரியின் அடியில் கரைந்து கிடந்த கரியமில வாயு திடீரென்று பொங்கி வெளிப்பட்டது. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்தாக்குகளில் இறங்கிப் பரவியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 1,700க்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அது எரிமலையிலிருந்து ஊறிய வாயு, மனிதன் புதைத்ததல்ல. 2020ல் அமெரிக்காவில் மிஸிஸிப்பி ராஜ்யத்தில் கரியமில வாயுவைக் கொண்டுபோன குழாய் ஒன்று வெடித்து, 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அதுவும் கிடங்கில் ஏற்பட்ட கோளாறு அல்ல, குழாயின் கோளாறு. ஆனாலும், "என் வீட்டுக்கு அடியில் இதைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்" என்று ஒருவர் சொன்னால், அவரைப் பத்தாம்பசலி என்று தள்ளிவிட முடியாது.

வாயுவை வாயுவாக வைக்காமல், விரைவாகக் கல்லாக்கிவிட்டால்? கல்லுக்குக் காவல் எதற்கு?

பாறைக்குள் நடப்பது என்ன?

கோலி சோடாவைக் குடித்தவர்களுக்கு இந்த ரசாயனத்தின் முதற் படி தெரியும். அழுத்திச் செலுத்தினால் கரியமில வாயு தண்ணீரில் கரைகிறது. கரைந்ததும் தண்ணீரில் ஒரு சுருக்கென்ற புளிப்பு ஏறுகிறது. அந்தப் புளிப்புத்தான் கார்பானிக் அமிலம்.

இந்தப் புளிப்புத் தண்ணீரைப் பாறைக்குள் விட்டால், அமிலம் பாறையை அரிக்கத் தொடங்கும். இரண்டாவது படி இது. பாறையில் கால்சியம், மக்னீஷியம், இரும்பு ஆகியவை இருந்தால் அவை கரைந்து தண்ணீரில் சேரும். பாறையை அரிக்க அரிக்க அமிலத்தின் வேகம் அடங்கும். தண்ணீரின் புளிப்புக் குறையும்.

மூன்றாவது படிதான் முக்கியமானது. புளிப்புக் குறைந்த தண்ணீரில் கால்சியமும் கரியமில வாயுவும் தனித்தனியே கரைந்து கிடக்க முடியாது. இரண்டும் கைகோத்துச் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அந்த மாதிரிதான். மக்னீஷியம் சேர்ந்தால் மாக்னசைட் என்ற வெள்ளைக்கல் உண்டாகும். இரும்பு சேர்ந்தால் வேறொரு கல். ஒரு டன் கரியமில வாயு முழுவதும் சுண்ணாம்புக் கல்லானால், அந்தக் கல்லின் எடை சுமார் இரண்டேகால் டன் இருக்கும்.

ஆக, எல்லாம் பாறையின் குணத்தைப் பொறுத்தது. மணற்பாறையில் இந்த உலோகங்கள் மிகக் குறைவு. எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த கரும்பாறையில், அதாவது பசால்ட்டில், இவற்றின் ஆக்ஸைடுகள் மட்டும் பாறையின் எடையில் கால்வாசி இருக்கும். அதோடு, குழம்பு உறைந்தபோது உண்டான குமிழ்களும் வெடிப்புகளும் அப்பாறையில் ஏராளம். கல் படிவதற்கு அவையே இடம்.

முன்கூட்டியே தண்ணீரில் கரைத்துச் செலுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. வாயு கரைந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. அது மேலே ஏறாது, கீழேதான் இறங்கும். மூடியை நம்பி இருக்க வேண்டியதில்லை.

நின்றுபோன பம்பு சொன்ன சாட்சி

கனிமங்களைக் கொண்டு கரியமில வாயுவைக் கட்டலாம் என்ற யோசனை 1990லேயே 'நேச்சர்' விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. அதை நிலத்துக்கடியில் பரீட்சை செய்து பார்த்த பெருமை ஐஸ்லாந்தைச் சேரும். ஐஸ்லாந்து வட அட்லாண்டிக் கடலில் உள்ள எரிமலைத் தீவு. மக்கள் தொகை சுமார் நான்கு லட்சம். நாடே பசால்ட் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தலைநகரான ரெய்க்யவிக்குக்கு அருகே ஹெல்லிஸ்ஹெய்டி என்ற இடத்தில், பூமியின் வெந்நீராவியைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. ஆவியோடு கொஞ்சம் கரியமில வாயுவும், அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக வாயுவும் வெளிவருகின்றன. அவற்றைத் திரும்பப் பூமிக்குள்ளேயே அனுப்பிவிட வேண்டும் என்று 2007ல் 'கார்ப்ஃபிக்ஸ்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஐஸ்லாந்துப் பல்கலைக் கழகம், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகம், பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஆகியோர் இதில் கூட்டுச் சேர்ந்தார்கள்.

2012ல் சுமார் 230 டன் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து, 400 முதல் 800 மீட்டர் வரை ஆழமுள்ள பாறைக்குள் செலுத்தினார்கள். செலுத்திய வாயு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கதிரியக்கமுள்ள கார்பனைச் சிறிது கலந்து அடையாளம் வைத்தார்கள். சற்றுத் தள்ளித் தோண்டிய கிணறுகளிலிருந்து தண்ணீரை எடுத்து எடுத்துப் பரிசோதித்தார்கள்.

தண்ணீர் வந்து சேர்ந்தது. அதோடு வந்திருக்க வேண்டிய கரியமில வாயு மட்டும் வந்து சேரவில்லை. இதற்கிடையே கண்காணிப்புக் கிணறு ஒன்றில் இறக்கியிருந்த பம்பு வேலை செய்யாமல் நின்றுவிட்டது. வெளியே தூக்கிப் பார்த்தால், அதன் மேலும் குழாயின் மேலும் சுண்ணாம்புக் கல் படிந்து அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கல்லைப் பரிசோதித்தபோது, விஞ்ஞானிகள் வைத்த கதிரியக்க அடையாளம் அதற்குள்ளேயே இருந்தது! செலுத்திய வாயு கல்லாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

கணக்கைச் சரிபார்த்து, 2016ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். செலுத்திய வாயுவில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல், இரண்டு வருஷத்துக்குள் கல்லாக மாறிவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் ஆகும் என்று நினைத்திருந்த வேலை அது. 2014 முதல் அந்த மின் நிலையத்தில் இதுவே அன்றாட வேலையாகி, ஒரு லட்சம் டன்னுக்கு மேல் இப்படிப் பாறைக்குள் போயிருக்கிறது.

அமெரிக்காவிலும் ஒரு சோதனை நடந்தது. 2013ல் வாஷிங்டன் ராஜ்யத்தில் வலூலா என்ற ஊரில், சுமார் 1,000 டன் வாயுவைத் தண்ணீரில் கரைக்காமலே, 800 மீட்டருக்குக் கீழே உள்ள பசால்ட்டில் செலுத்தினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பாறையைக் குடைந்து எடுத்தபோது, குமிழ்க் குழிகளில் புதிய கார்பனேட் கல் உருண்டை உருண்டையாக விளைந்திருந்தது.

சேலத்தில் இயற்கை செய்த வேலை

இது ஏதோ அன்னிய நாட்டு அதிசயம் என்று எண்ண வேண்டாம். சேலத்திலிருந்து ஓமலூர்ப் பக்கம் போகிறவர்கள் வெள்ளை வெளேரென்ற மண் மேடுகளைப் பார்த்திருப்பார்கள். அங்கே ரயில் நிலையத்துக்கே மாக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர். உருக்காலைகளின் உலைகளுக்குள் பதிக்கும் செங்கலுக்காக அங்கே வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல் எப்படி உண்டாயிற்று? மக்னீஷியம் மிகுந்த ஆதிப் பாறைகளின் வெடிப்புகளில், கரியமில வாயு கரைந்த நீர் ஊடுருவியது. பாறை கரைந்து மக்னீஷியத்தைக் கொடுத்தது. வாயு அதனுடன் சேர்ந்து நரம்பு நரம்பாக வெள்ளைக்கல்லாக உறைந்தது. ஐஸ்லாந்தில் இன்று பம்பு வைத்துச் செய்கிறார்கள். சேலத்தில் இயற்கை எந்த யந்திரமும் இல்லாமல், நீண்ட காலம் எடுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்தது.

அந்தக் கல்லுக்குள் பூட்டிய வாயு தானாக வெளியே வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சூளையில் போட்டுச் சுட்டால் ஒழிய அது வராது. கல்லாகிவிட்டால் அபாயம் தீர்ந்தது என்பதற்குச் சேலத்து மேடுகளே அத்தாட்சி.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. ரசாயனம் வெற்றி பெற்றுவிட்டது, கணக்குத்தான் உதைக்கிறது.

முதற் கணக்கு தண்ணீர். ஐஸ்லாந்து முறையில், ஒரு டன் வாயுவைக் கரைக்கச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். ஆயிரம் மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று வருஷத்துக்குச் சுமார் 60 லட்சம் டன் கரியமில வாயுவை விடும் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கரைக்க 15 கோடி டன் தண்ணீர் தேவை. காவிரித் தகராறினால் நம் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட கணக்கில் சொன்னால், ஐந்து டி.எம்.சி.க்கு மேல்! ஒரே ஒரு நிலையத்துக்கு, ஒரே ஒரு வருஷத்துக்கு. அதே தண்ணீரைப் பாறையிலிருந்து மீண்டும் எடுத்து உபயோகிக்கலாம்; கடல் நீரிலும் கரைக்கலாம். கடல் நீரைக் கொண்டு ஐஸ்லாந்தில் பரீட்சை செய்து வருகிறார்கள். ஆனால் கடல் எல்லா ஊருக்கும் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது கணக்கு அளவு. காற்றிலிருந்தே கரியமில வாயுவை உறிஞ்சி எடுக்கும் 'மாமத்' என்ற தொழிற்சாலை, ஹெல்லிஸ்ஹெய்டியில் 2024ல் தொடங்கப்பட்டது. அது முழுத் திறனில் இயங்கினால் வருஷத்துக்கு 36,000 டன் எடுக்கும். உலகம் வெளிவிடுவது 3,700 கோடி டன். அவ்வளவையும் எடுக்க, இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் பத்து லட்சத்துக்கு மேல் வேண்டும். தவிர, வாயுவைப் பிடிக்கவும் அழுத்தவும் மின்சாரமும் உஷ்ணமும் செலவாகும். நிலக்கரியை எரித்து எடுத்த சக்தியில் கணிசமான பங்கை, அந்தப் புகையைப் புதைப்பதற்கே கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பாறையின் பொறுமை. தண்ணீரை அழுத்திச் செலுத்தினால் பாறை சற்று அசையும். 2011ல் ஹெல்லிஸ்ஹெய்டி நிலையத்தின் கழிவு நீரைப் பூமிக்குள் செலுத்தத் தொடங்கியபோது சிறு பூகம்பங்கள் உண்டாகி, பக்கத்து ஊர்களில் அதிர்ச்சியை உணர்ந்தார்கள். மேலும், கல் படியப் படியப் பாறையின் துவாரங்களும் அடைபடலாம். பம்பை நிறுத்திய அதே சுண்ணாம்புக் கல் கிணற்றையும் நிறுத்திவிடக்கூடும்.

ஊரார் கேட்ட கேள்வி

ரெய்க்யவிக்குக்கு அடுத்த ஹாஃப்னர்ஃபியோர்துர் என்ற துறைமுக நகரில், ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் கரியமில வாயுவைக் கப்பலில் கொண்டுவந்து, வருஷத்துக்கு 30 லட்சம் டன் வரை கல்லாக்குவதற்குத் திட்டம் போட்டார்கள். நகரவாசிகள் பலர் எதிர்த்தார்கள். எங்கள் குடிநீர் என்ன ஆகும், நிலம் அதிருமா, அடுத்த வீட்டார் குப்பைக்கு எங்கள் கொல்லைதானா கிடைத்தது என்று கேட்டார்கள். 2025ல் அந்த ஊரில் திட்டம் கைவிடப்பட்டது. ரசாயனத்தில் ஜெயித்தவர்கள் ஊராரின் சம்மதத்தைப் பெறுவதில் தோற்றார்கள்.

இந்தப் பாடம் நம் தேசத்துக்கும் தேவை. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய ராஜ்யங்களில் சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்குத் தக்காணப் பசால்ட் பரந்து கிடக்கிறது. சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அது. ஐதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் அதில் கரியமில வாயுவைச் சேமிக்கும் வாய்ப்பை ஆராய்ந்திருக்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 300 கோடி டன் வாயுவை விடும் இந்தியாவுக்கு இது பெரிய நம்பிக்கை. 2070க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாக நாம் 2021ல் கிளாஸ்கோ மகாநாட்டில் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். 2022ல் நிதி ஆயோக்கும் வாயுவைப் பிடித்துப் புதைப்பது பற்றி அறிக்கை வெளியிட்டது.

ஆனால், அதே தக்காணப் பாறையின் மேல் அடுக்குகளில்தான் மராத்வாடா விவசாயியின் கிணறு இருக்கிறது. 2016 கோடையில் லாத்தூர் நகருக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. குடிக்கவே ரயிலை எதிர்பார்த்த இடத்தில், புகையைக் கரைக்க டி.எம்.சி. கணக்கில் தண்ணீருக்கு எங்கே போவது? 1967ல் கொய்னாவில் நேர்ந்த பூகம்பமும் அதே பாறை நாட்டில்தான் நடந்தது. அணையில் தேங்கிய நீரே அதைத் தூண்டியது என்பது நிபுணர்கள் பலரின் முடிவு. அவசரப்படுவதற்கு இது இடமல்ல.

யாருக்கு இந்தப் பூட்டு?

சூரிய ஒளியிலும் காற்றாலையிலும் மின்சாரம் எடுக்க முடிகிற இடத்தில், நிலக்கரியை எரித்துவிட்டு அதன் புகையைக் கல்லாக்க அலைவது புத்திசாலித்தனமல்ல. வேறு வழியில்லாத தொழில்கள் இருக்கின்றன. சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தொழிற்சாலையின் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே வருவது. எந்த மின்சாரத்தைக் கொண்டு சுட்டாலும் அது வரத்தான் செய்யும். பாறைப் பூட்டை இப்படிப்பட்ட தொழில்களுக்கு ஒதுக்குவதுதான் நியாயம்.

வருங்காலத்தில் நம் நாட்டிலும் எங்காவது கரியமில வாயுக் கிடங்கு வரப்போவதாக அறிவிப்பு வரலாம். அப்போது வேண்டாம் என்று உடனே கொடி பிடிக்கவும் வேண்டாம். விஞ்ஞானம் என்றதும் கைதட்டவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். எந்தப் பாறையில் வைக்கிறீர்கள், அது வாயுவைக் கல்லாக்குமா, வெறுமே மூடி வைக்குமா? தண்ணீர் யாருடையது? ஐஸ்லாந்தில் அடையாளம் வைத்துப் பார்த்தது போல, உள்ளே போனது கல்லாயிற்று என்று அளந்து ஊராருக்குச் சொல்லப்போவது யார்?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால், கிணறு தோண்டட்டும்.